அக்கா கேட்காத அட்டை

மருத்துவப் படிப்பின் கடைசித் தேர்வை இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவதும் போனால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதமாக எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும்.

படிப்பு முழுக்க ஜோடி சேர்க்கிற வேலைதான். நானூறு அட்டைகளில் ஒரு பக்கம் அறிகுறி, மறுபக்கம் நோய் என்று எழுதி அக்காவிடம் கொடுத்திருந்தேன். தைத்துக்கொண்டே கேட்பாள்.

"கன்னத்துல பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு?"

"லூபஸ்."

"கருவிழியைச் சுத்திப் பழுப்பு வளையம்?"

"வில்சன். சீக்கிரம், அடுத்தது."

பஸ்ஸில் எதிரே உட்காருகிறவருக்கெல்லாம் மனசுக்குள் ஒரு நோய் கொடுத்துவிடுவேன். அக்காவுக்கே ஏழு கொடுத்திருக்கிறேன். "ஏழும் இருந்தும் உனக்குச் சோறு போடுறேன் பாரு" என்பாள்.

தேர்வில் முப்பத்தோராவது கேள்வி. நாற்பது வயதுப் பெண், மோதிரம் நுழையவில்லை, செருப்பின் அளவு கூடிவிட்டது, பல்லிடுக்கு அகன்றிருக்கிறது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று மூன்று நொடியில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பாதிக் கேள்வியில் பேனா நின்றது.

அக்கா கத்திரிக்கோலில் கட்டைவிரல் நுழையவில்லை என்று பெரிதாக ஒன்று வாங்கியிருந்தாள். சின்னதாகிவிட்டது என்று அவள் தள்ளிவிட்ட செருப்பை நான்தான் வாயெல்லாம் பல்லாக மாட்டிக்கொண்டேன். இப்போதும் என் காலில் அதுதான் இருந்தது. தினமும் பார்க்கிறவர்களுக்கு முகம் மாறுவது தெரியாது என்பதையும் மனப்பாடம் செய்திருந்தேன். மண்டு. மிச்சக் கேள்விகளை எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

பரீட்சை மண்டப வாசலில் அக்கா காத்திருந்தாள்.

"கையைக் காட்டு."

"முதல்ல பரீட்சையைச் சொல்லு."

"காட்டுன்னு சொல்றேன்ல."

அவள் கையைக் காட்டவில்லை. பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். என் கையெழுத்து.

"மூணு மாசமா இதை மட்டும் உன்கிட்ட கேக்கல. படிச்சதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன் பரீட்சை முடியட்டும்னு எடுத்து வச்சுட்டேன்."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் கட்டி வளர்ந்தால் கண் நரம்பை அழுத்தும்; முதலில் போவது பக்கப் பார்வை.

"பார்வை எப்படி இருக்கு? பக்கவாட்டுல வர்ற வண்டியெல்லாம் தெரியுதா?"

"திரும்பிப் பாத்தா தெரியுது" என்றாள்.