மலையைப் பார்த்து நின்ற டீசல் வண்டி

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. 1983, ஐப்பசி மாதம். கோடு போட்ட நோட்டில் நான்கு பத்திகள்: தேதி, எத்தனை முறை செல்ஃப் அடித்தார்கள், புகை வந்ததா, வண்டியின் மூக்கு எந்தப் பக்கம். மொத்தம் பதினேழு நாள். கௌரவமான கதைகள் காதலிலிருந்தோ சாவிலிருந்தோ பிறக்கின்றன. என்னுடையது, காலையில் கிளம்ப மறுத்த ஒரு பழைய டீசல் பிக்கப்பிலிருந்து பிறந்தது. பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மலையுச்சியில் இளங்கதிர் பட்டுத் தெறித்தபோது" (இல்லை. அந்த நேரத்தில் எல்லோரும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் உச்சியைப் பார்க்கவில்லை.)

"டிரைவர் தசரதனின் வேலை போகப்போகிறது என்பது" (இதைக் கடைசிவரை மறைத்து வைப்பதுதான் சாமர்த்தியம் என்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். கதையில் ஆபத்தில் இருப்பது அவனுடைய வேலை. தெரிந்துகொண்டே படியுங்கள்.)

2

கோதண்டராமனுக்குத் திருவண்ணாமலையில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். வீடு கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்கு அந்தப் பக்கம், தெரு மலையை நோக்கி ஏறுகிற இடத்தில். தினமும் விடிந்ததும் வண்டி கீழ்பென்னாத்தூர் போய் மூட்டை ஏற்றி வர வேண்டும். தாமதமானால் நல்ல சரக்கை மற்ற வியாபாரிகள் எடுத்துவிடுவார்கள்.

வண்டியை நிறுத்துவதில் அவருக்கு ஒரு விதி உண்டு. அது மலையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். "சோறு போடற வண்டிடா. மலையா நிக்கிற அப்பனுக்கு முதுகு காட்டுமா?"

வண்டியும் ராத்திரியெல்லாம் மூக்கைத் தூக்கியபடி பயபக்தியோடு நின்றது. காலையில் தசரதன் செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. பானெட்டைத் திறந்து, கை பம்பை அடித்து, ஸ்குரூவைத் தளர்த்துவான். நுரை நுரையாக வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்குரூவை முடுக்குவான். அதற்குள் பேட்டரி செத்திருக்கும்.

கோதண்டராமன் விபூதியோடு வாசலுக்கு வருவார்.

"என்னடா, இன்னும் எழுந்திருக்கலையா அது?"

"காத்து புடிச்சிருக்குங்க மொதலாளி. எடுத்துட்டேன்."

"தெனம் காத்து புடிக்குது. வண்டிக்குப் புடிச்சுதா, உனக்குப் புடிச்சுதா?"

மூட்டை தூக்குகிற ஆட்கள் சிரிப்பார்கள். பிறகு நாலு பேர் முன்னாலிருந்து தள்ள, வண்டி மலையைப் பார்த்தபடியே பின்பக்கமாகச் சரிவில் உருண்டு, ரிவர்ஸ் கியரில் உறுமிக் கிளம்பும். அப்போதும் முதுகு காட்டாது.

ஜோசியர் வந்தார். டிரைவருடைய நட்சத்திரம் இரும்புக்கு ஆகாது என்றார். (அவர் வந்த சைக்கிளும் இரும்புதான்.) கோதண்டராமன் கெடு வைத்தார். "ஐப்பசி முடியறதுக்குள்ள சரியாகணும். இல்லன்னா கார்த்திகை ஒண்ணாந்தேதி வேற ஆளு." ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவனிடம் சொன்னார்.

3

மெக்கானிக் ஜியாவுல்லா ஒரு காலையில் வந்து பார்த்தார். முதலாளி பூஜையில் இருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய மகள் ரேணுகாம்பாள் நின்றிருந்தாள். அவள் எப்போதும் ஜன்னலுக்குப் பின்னால்தான் நிற்பாள்.

"செல்ஃப் அடிக்கிறப்போ பொகை வருதா தசரதா?"

"சுத்தமா இல்லீங்க பாய்."

"வெள்ளையா வந்தா டீசல் போவுது, எரியலைன்னு அர்த்தம். பொகையே இல்லைன்னா டீசலே போவல. எங்கியோ மயிரிழை ஓட்டை. அது வழியா காத்து உள்ள பூந்து, லைன்ல இருக்கிற டீசல் பூரா பின்னால டேங்குக்கு எறங்கிடுது. மூக்கு மேல, டேங்கு கீழ, எறங்காம என்ன பண்ணும்? ரெண்டு நாளு திருப்பி நிறுத்திப் பாரு. மொதல் அடியில எடுத்துதுன்னா அதேதான். அப்புறம் லைனைப் பூரா கழட்டி ஓட்டையைத் தேடலாம்."

"நீங்களே மொதலாளிகிட்ட சொல்லிடுங்க."

ஜியாவுல்லா கையைத் துடைத்தார். "நானா? மலைக்கு முதுகைக் காட்டச் சொல்றான் பாய்னு தேரடி வரைக்கும் போவும். நாலு தலைமுறையா இந்த ஊர்ல இருக்கோம். ஒரு வாஷருக்காக அதைக் கெடுத்துக்கணுமா? நீ சொல்லேன்."

"நான் சொன்னா இன்னிக்கே ஒண்ணாந்தேதி ஆயிடும்."

ஆகவே ஜியாவுல்லா வேறு வழி தேடினார். ஒரு நாள் வண்டியைத் தன் ஷெட்டிலேயே விட்டுப் போகச் சொன்னார். ஷெட்டில் தரை சமம். மறுநாள் காலை கோதண்டராமனும் தசரதனும் போனார்கள். ஜியாவுல்லா சாவியைத் திருப்பினார். முதல் அடியிலேயே எடுத்தது. தசரதன் முகம் மலர்ந்தது.

கோதண்டராமன் அவனைப் பார்த்தார். "பாத்தியா? பாய் கை பட்டா எடுக்குது. உன் கை பட்டா எடுக்கல. ஜோசியர் சொன்னது சரியாப் போச்சு."

ஜியாவுல்லா எஞ்சினை அணைத்தார். சாவியைத் தசரதனிடம் நீட்டினார்.*

[* ஒரே சோதனையில் இரண்டு விஷயங்களை மாற்றக் கூடாது. இது பி.எஸ்ஸி. முதல் வருஷப் பாடம். அன்று ஆளும் மாறியது, தரையும் மாறியது. கோதண்டராமனுக்கு ஆள் மட்டும் கண்ணில் பட்டான். தரை யாருக்கும் கண்ணில் படுவதில்லை.]

4

ரேணுகாம்பாளை என்ன செய்வது என்று தெரியவில்லை. நோட்டு அவளுடையது, அதாவது என்னுடையது. மறைத்துப் பயனில்லை. இயற்பியலில் முதல் வகுப்பு. பட்டமளிப்பு அங்கி போட்ட போட்டோ கூடத்தில் தொங்குகிறது, பெண் பார்க்க வருகிறவர்களுக்காக. அந்தப் படிப்பு அந்த வீட்டில் பார்த்த ஒரே வேலை அதுதான்.

அவளிடம் ஜியாவுல்லா கேட்ட சான்று இருந்தது. அப்பா ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் காஞ்சிபுரம் போயிருந்தார். மழை. மூட்டை நனையாமல் இறக்குவதற்காகத் தசரதன் வண்டியின் பின்பக்கத்தை மேட்டுப் பக்கத்துக் கொட்டகைக்குள் விட்டு அப்படியே நிறுத்தினான். மூக்கு சரிவைப் பார்த்தது. மூன்று காலையும் முதல் செல்ஃபிலேயே எடுத்தது. ஆள் அதே தசரதன், நட்சத்திரமும் அதே நட்சத்திரம். மீதிப் பதினான்கு நாளும் மூக்கு மலைப்பக்கம், பதினான்கு நாளும் புகையில்லை.

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

"அவள் நோட்டை அப்பாவின் முன் விரித்தாள். குரல் நடுங்கவில்லை. 'குற்றம் தசரதனுடையது அல்ல அப்பா'"

(அடித்துவிட்டேன். படித்த பெண் கதையில் வந்தால் கடைசியில் பேசிவிடுவாள் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். காத்திருங்கள்.)

நடந்தது இது. ஐப்பசி கடைசி நாள் அவள் நோட்டை இடுக்கிக்கொண்டு அப்பாவுக்குக் காபி கொண்டுபோனாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"சர்க்கரை போதுமா?"

அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "கொஞ்சம் ஜாஸ்தி."

5

முடிவுகள் மூன்று இருக்கின்றன.

(அ) அவள் சொல்லிவிடுகிறாள். அப்பா சிரிக்கிறார். "இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினனா?" தசரதன் வேலை போகிறது.

(ஆ) தசரதனே துணிந்து வண்டியைத் திருப்பி நிறுத்துகிறான். காலையில் முதல் அடியில் எடுக்கிறது. "எடுத்தது இருக்கட்டும். யாரைக் கேட்டுடா திருப்பின?" தசரதன் வேலை போகிறது.

(இ) உண்மையில் நடந்தது. கார்த்திகை முதல் தேதி, ஜோசியர் நட்சத்திரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த அப்பாசாமி என்கிற புது டிரைவர் வந்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். செல்ஃப் அடித்தான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. புகையும் இல்லை. மறுபடி அடித்தான். மறுபடியும்.

கோதண்டராமன் சொன்னார்: "புதுக் கை. வண்டிக்குப் பழகணும் இல்ல."

மண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த தசரதன் ஓரமாக நின்றிருந்தான். யாரும் கேட்காமலே பானெட்டைத் திறந்தான். பம்பை அடித்தான், ஸ்குரூவைத் தளர்த்தினான், நுரை நிற்கும்வரை காத்திருந்து முடுக்கினான். "இப்ப அடி தம்பி" என்றான். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. எடுத்தது.

"பாத்தீங்களா, ராசிக்காரன்" என்றார் பூஜைக்கு வந்திருந்த ஜோசியர், அப்பாசாமியைக் காட்டி.

தசரதன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். ரேணுகாம்பாள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். கூப்பிடுகிற தூரம்தான்.

அவன் எங்கே போனான் என்று நான் விசாரிக்கவில்லை. ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வேலூரில் ஒரு நல்ல முதலாளி கிடைத்தார், பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்தார்கள் என்று நீங்கள் எழுதினால் எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும்.

அதனாலேயே அப்படி எழுதாதீர்கள்.