யார் பற்றவைத்த இரும்பு?

கென்கே என்ற சோளமாவு உருண்டையைப் பிட்டு மிளகாய்ச் சாந்தில் தொட்டுக்கொண்டிருந்தான் ஆர்மா. அவன் கண் மட்டும் மனைவியின் கைமேலேயே இருந்தது. தேதேயின் மணிக்கட்டில் புதிதாக ஒரு தீக்காயம்.

"இன்னிக்கும் பட்டறைதானா?"

"கண்காட்சி வந்துருச்சு. சிலைக்கு இன்னும் முகமே வைக்கல."

அக்ராவின் கடலோரத்தில் குவாபெனா வைத்திருந்த வெல்டிங் பட்டறையில் ஒரு மூலை தேதேயினுடையது. துருப்பிடித்த நங்கூரம், படகுச் சங்கிலி, உடைந்த மோட்டார் என்று எது கிடைத்தாலும் அவள் கையில் பெண் சிலையாகிவிடும். இந்த முறை, பெண்கள் மீன்பிடிக்கக் கடலுக்குள் போகாத அந்தக் கரையில், துடுப்பை ஊன்றி நிற்கும் ஒருத்தியைச் செய்துகொண்டிருந்தாள்.

ஆர்மா வேன் ஓட்டுபவன். ஸ்டாண்டில் கூட்டாளிகளின் வாய் சும்மா இருக்கவில்லை.

"உன் பொண்டாட்டியாவது, இரும்ப வளைக்கிறதாவது! எல்லாம் குவாபெனா செஞ்சு தர்றான்டா. சும்மாவா தருவான்?"

சிரித்துச் சமாளித்தான். ஆனால் அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனால் போனை எடுத்துப் பார்த்தான். கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்தான். புகை நாற்றம்தான் அடித்தது. அதையும் அவன் நம்பவில்லை.

ஒரு நண்பகலில் வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு, பட்டறையின் தகரவேலி ஓட்டையில் கண்ணை வைத்தான். தோல் அங்கியும் முகக்கவசமும் போட்ட ஓர் உருவம் பொறி பறக்கப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. 'அதானே பாத்தேன், குவாபெனாதான் செய்றான்' என்று பல்லைக் கடித்தான். அப்போது பெஞ்சின்மேலிருந்து குறட்டை கேட்டது. அங்கே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தவன் குவாபெனா. பற்றவைத்த உருவம் கவசத்தைத் தூக்கி வியர்வையைத் துடைத்தது. தேதே!

ஆர்மா ஓசைப்படாமல் திரும்பிவிட்டான்.

கண்காட்சியன்று அமைப்பாளர் அன்சோங் நேரே அவனிடம் வந்து கைகுலுக்கினார். "பிரமாதம் சார்! நீங்க செஞ்சத வீட்டம்மா பேருல வச்சா நாலு பேரு பேசுவாங்கன்னு கணக்குப் போட்டீங்களாக்கும்?" என்று கண்ணடித்தார்.

"எனக்கு ஆணி அடிக்கக்கூட வராதுங்க. அவதான் செஞ்சா. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

அன்சோங் அசடு வழிய நகர்ந்தார். பின்னால் நின்ற தேதேயின் முகம் மலரவில்லை.

"நீ பட்டறைக்கு வந்ததே இல்லையே. எப்ப பாத்த?"

அவன் தலை கவிழ்ந்தது. ஸ்டாண்டில் கேட்டது, போன், வேலி ஓட்டை, எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப இப்ப கைகுலுக்கிட்டுப் போன ஆளுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" அவள் தன் கையை அவன்முன் நீட்டினாள். "ஆம்பள செஞ்சா எப்படிச் செஞ்சன்னு கேக்குறீங்க. பொம்பள செஞ்சா மட்டும் யாரு செஞ்சு கொடுத்தான்னு கேக்குறீங்க. வெந்த கையோட தினம் உன் பக்கத்துலதான படுத்தேன், ஆர்மா?"

அவன் அந்தத் தீக்காயத்தைப் பார்த்தான்.

"தப்புதான். நாளைக்கு ஸ்டாண்டுல எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"என்னன்னு? வேலில ஒளிஞ்சு பாத்துட்டேன், அவ நல்லவதான்னா?"

"இல்ல" என்றான் ஆர்மா. "சாட்சி கேக்காமயே என் பொண்டாட்டிய நான் நம்பியிருக்கணும்னு. நீங்களும் உங்க வீட்டுல அதச் செய்யுங்கடான்னு."