மூன்றாவது பிளக்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் ஞானசேகரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கதவைத் தட்டி, "சார், கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்றார். நான் இங்கே குடிவந்த பிறகு கூரியர்காரர் அல்லாத ஒருவர் என் கதவைத் தட்டியது அன்றுதான். போகாமல் இருப்பேனா?

ஆனால் கதையை அங்கே தொடங்கக் கூடாது என்று தோன்றியது. வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

மனைவி ராஜகுமாரி இறந்ததிலிருந்து ஞானசேகரன்

அடித்துவிட்டேன். அந்தம்மா குத்துக்கல்லாட்டம் அமெரிக்காவில் இருக்கிறார். எழுதுகிறவனுக்குச் சோம்பல் வந்தால் முதலில் சாவது மனைவி பாத்திரம்தான்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வேனில் நைட்டி

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

நைட்டி வியாபாரம்தான். புருஷன் ஓட்டுவார், பெண்சாதி விற்பார். பின்கதவைத் தூக்கிவிட்டு, கயிறு கட்டி, நைட்டிகளைத் தொங்கவிட்டால் கடை. அதில்தான் மகள் வர்ஷாவை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். அவளுக்கு அமெரிக்காவில் வேலை, அங்கேயே பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்க ராஜகுமாரி விமானம் ஏறினார். இவர் ஒண்டியாகக் கடை போட்டார்.

"ஆம்பளைகிட்ட வந்து எவ சார் சைஸு கேப்பா?" என்றார் என்னிடம். "வர்றாளுங்க, அக்கா இல்லியான்னு கேட்டுட்டுப் போயிடறாளுங்க."

பிறகு வண்டியும் திணற ஆரம்பித்தது. மூன்று பிளக்கில்* ஒன்று அடிக்கவில்லை.

(* எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும், விரல் நீளச் சாமான். எனக்கே அன்றுதான் தெரியும். தெரிந்தவர்கள் தாண்டிப் போகவும்.)

இந்த வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் இரண்டு பிளக் கைக்கு எட்டும். மூன்றாவது, குழாய்களுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாது. அடிக்காமல் போனது அதுதான். அதை எப்போதும் ராஜகுமாரிதான் மாட்டுவார். வளையல்களைக் கழற்றி கியர் தண்டில் போட்டுவிட்டு, பிளக்கின் பின்பக்கம் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, கையை உள்ளே விட்டுத் திருகுவார். கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வாராம். பிளக்கின் மரை, அதாவது திருகுப் புரி, நேராகப் பிடிக்க வேண்டும். கோணலாக ஏறிவிட்டால் எஞ்சினின் தலைப்பாகத்தையே கழற்ற வேண்டியதுதான்.

மெக்கானிக்கிடம் விட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "தினகரன்கிட்ட வுட்டா ஒரே நாள்ல குடுத்துடுவான்" என்றார். விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கு இந்த இடத்தில் ஒரு பத்தி தத்துவம் எழுதியிருந்தேன். படு அபத்தம். எடுத்துவிட்டேன்.

3

காரணம் இதுதான். வர்ஷா வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. அம்மாவை இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறாள். ராஜகுமாரி புருஷனிடம் சொல்லியிருக்கிறார்: "வண்டி ஓடுதுன்னா இருந்துடறேன். ஓடலன்னா அடுத்த வாரமே கிளம்பி வந்துடறேன். பொழப்பு போயிடக் கூடாது பாரு."

மெக்கானிக்கிடம் விட்டால் வண்டி ஓடிவிடும், அந்தம்மா வர மாட்டார். விடாமலே இருந்தால் மகள் வேலை போகும். ஆகவே மனிதர் தானே மாட்டிப் பார்க்கிறேன் என்று இறங்கியிருக்கிறார். உண்மையாகவே முயற்சி செய்தார், நான் பார்த்தேன். புறங்கை முழுக்கச் சிராய்ப்பு. "வா" என்று பெண்சாதியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன் வேறு என்ன செய்வான்?

4

கீழே போனபோது செல்போன் ஸ்டீயரிங்கில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் ராஜகுமாரி, தோளில் குழந்தை. அங்கே சனிக்கிழமை இரவு.

"அந்த சார் வந்துட்டாரா? கை எப்படிக் கீது அவருக்கு?"

"உன்ன மாதிரி ஒல்லிக் கை" என்றார் இவர்.

அந்தம்மா குழந்தையைக் கைமாற்றிக்கொண்டு, கண்ணை மூடி, காலியாக இருந்த கையைக் காற்றில் நீட்டினார். "கீழ போங்க சார். ஒரு குழாய் தட்டுப்படும். அதுக்கு அந்தாண்ட வளைங்க. அவசரப்படாதீங்க." ஒரு இடத்தில் அவர் விரல்கள் நின்றுவிட்டன. வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவர் நான் மாட்ட வேண்டும் என்று நினைத்தாரா, கூடாது என்று நினைத்தாரா? நாலு தடவை திருத்தி எழுதியும் எனக்குத் தெரியவில்லை.

[இங்கே எழுத்தாளனின் சொந்தக் கதை வர வேண்டும். வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் துணையாக டிவி போட்டுக்கொள்கிறவன் என்பது மட்டும் போதும்.]

5

உள்ளே சூடு. ரப்பர் குழாயைத் திருகினேன். முதலில் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

ஞானசேகரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் காதருகே குனிந்தார். "புடிச்சிருந்தா மறைக்காத சார். பொண்ணு வேலை போயிடும்." சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் போகிற தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையை எடுத்தார். போனிலிருந்து ராஜகுமாரி, "இன்னா சார், மரை புடிச்சிதா?" என்றார்.

இதற்கு இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் "பிடித்தது" என்கிறேன். அந்தம்மா "அப்ப சரி" என்கிறார், வண்டி ஓடுகிறது, நைட்டிகள் பாடி மேம்பாலத்துக்கடியில் யாரும் கேட்காமல் தொங்குகின்றன. இன்னொன்றில் "இல்லை" என்கிறேன். அப்போதும் "அப்ப சரி" என்றுதான் சொல்கிறார். அவர் வருகிறார், இவர் முகம் மலர்கிறது, எங்கோ ஒரு பெண் கைக்குழந்தையோடு வேலையை விடுகிறாள். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அடுத்த வீட்டுக்காரனின் ஆறு மாதத்தை முடிவு செய்ய நான் யார்?

என் கை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. விரல் நுனியில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். உங்களிடம் சொல்லப் போவதில்லை. நீங்களும் தனியாகச் சாப்பிட்டிருப்பீர்கள். உங்கள் அம்மாவும் யாருக்காவது குழந்தையைத் தூக்கியிருப்பார். அந்தம்மா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், இவர் லாரி போன பிறகும் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். பிடித்ததா?