பெரியவர் ஏற மறுத்த பின்சீட்டு

அந்த வண்டியின் பின்சீட்டில் அதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை. நம்புங்கள் பிள்ளைகளே. நாலு கதவு, உள்ளே ஐந்து பேருக்கு இடம், பின்னால் சரக்கேற்றத் திறந்த தொட்டி. இருந்தும் என்ன? பின்சீட்டு மட்டும் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடியே, சாம்பல் நிறத் துணியில் ஒரு சுருக்கம் விழாமல், 'தொடாதே' என்று எழுதி வைக்காத குறையாக இருந்தது.

வண்டிக்காரர் கண்ணாடி பொருத்துகிறவர். மற்றவர்கள் ஜன்னல்களில் வைத்த விரல் ரேகையைத் துடைத்துத் துடைத்து, சும்மா இருக்கும்போதும் அவர் கை எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும். அவர் மனைவியே அந்த வண்டியில் முன்சீட்டில்தான், அதுவும் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இப்பேர்ப்பட்டவர் தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தார். தங்கை தார்ப்பாய் தைக்கிறவள். அவள் வேலை பார்த்த கடை அண்ணன் இருக்கும் ஊருக்கு இடம் மாறிவிட்டது, அவளும் மாறுகிறாள். சாமான்கள் முந்தின நாளே லாரியில் போய்விட்டன. மிச்சம் இருந்தது அவளும், அவளுடைய தையல் மெஷினும், இரண்டு நாய்களும்.

சின்னதின் பெயர் சில்லறை. ஓரிடத்தில் நிற்காமல் உருண்டு ஓடுவதால் அந்தப் பெயர். பெரிய நாய்க்குப் பெயரே பெரியவர். வயதாகி இடுப்புப் பிடித்துக்கொண்டது, எதற்கும் அவசரப்பட மாட்டார். அவரை 'அது' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை, பாருங்கள். தங்கை தைக்க உட்கார்ந்தால், தைத்து முடித்துத் தரையில் இறங்கும் துணியின் மேல் அவர் படுத்துக்கொள்வார். அந்தக் கனத்தில் துணி விறைப்பாக நிற்கும், தையல் கோணாமல் ஓடும். அவர் இல்லாமல் மெஷினில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லை.

"நாய்ங்களத் தொட்டியில ஏத்திக்கலாம்" என்றார் அண்ணன்.

"நீ தொட்டியில வா. நான் ஓட்டுறேன்."

"விளையாடாத."

"யாரு விளையாடுறா? அந்த இடுப்ப வெச்சுக்கிட்டு, வெயில்ல, காத்துல, அவ்வளவு தூரம் அவரு நிப்பாரா? பின்சீட்டுலதான் வருவாங்க."

அண்ணனின் முகம் கீறல் விழுந்த கண்ணாடியைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

அவள் இதற்குத் தயாராகவே இருந்தாள். மடித்து வைத்திருந்த உறையை எடுத்து விரித்தாள். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கெட்டித் துணி, ஒரு பக்கம் வழவழவென்று மழை இறங்காத பூச்சு. முன்சீட்டின் தலைமெத்தையில் இரண்டு வார், பின்சீட்டின் தலைமெத்தையில் இரண்டு வார் மாட்டினால், நடுவில் குழந்தைத் தூளி மாதிரி தொங்கும். சீட்டும், அதன் முதுகும், கால் வைக்கிற பள்ளமும் ஒன்றாக மறைந்துவிடும். சீட் பெல்ட் வரும் இடத்தில் கீறி ஓரம் அடித்திருந்தாள், நாய்களின் நெஞ்சுப் பட்டையை அதில் கோத்துவிட.

அண்ணன் தட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நடுப்பள்ளத்தில் தேங்கியது. அடியில் கையை விட்டார். காய்ந்தே இருந்தது.

"தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாயப் பத்தி எனக்குத் தெரியும்."

"உனக்கா? என்னைக்கு நாய் வளர்த்த?"

"வளர்க்காததாலதான் சீட்டு சுத்தமா இருக்கு."

அவள் காலி செய்கிற அந்த வீட்டில் இனிக் குடிவரப் போகிற தோட்டக்காரர் அப்போது முற்றத்தில் நின்றிருந்தார். அவருக்காகத்தான் அண்ணன் காலையில் சமையலறை ஜன்னலில் உடைந்த கண்ணாடியை மாற்றி, ஓரமெல்லாம் வெள்ளைப் பசை அடைத்துக் கொடுத்திருந்தார். நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் சொன்னார்: "பெரியவர இங்கயே விட்டுட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷந்தாம்மா. முற்றத்துல நிழல் இருக்கு. வயசான உசுரு, எதுக்கு அலைச்சல்?"

தங்கை பெரியவரின் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கோ தேடிய சாக்கு கையில் கிடைத்த மாதிரி.

"இப்பிடிப் பண்ணலாம். பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ட்டு வருவோம். சீட்டுல ஒரு கறை விழுந்தாலும் பெரியவரு இவருகிட்ட இருக்கட்டும். சின்னத மடியில வெச்சுக்கோ. சம்மதமா?"

"விழாது" என்றாள் அவள். தன் தையல்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சில்லறை தாவி ஏறியது. பெரியவரை முன்னங்கால் எடுத்து வைக்கச் சொல்லி, பின்னால் இவள் தாங்கி ஏற்றினாள். வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். பெரியவர் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குப் போயிருந்தார். நகத்தை ஊன்றினார், நிற்கவில்லை. அடுத்த திருப்பத்தில் திரும்பி வந்தார். சில்லறைக்கு அது சறுக்குமரம், வாலாட்டிக்கொண்டே வழுக்கியது. பெரியவரின் பின்னங்கால் நடுப்பள்ளத்தில் துணியோடு இறங்க, அங்கேயே மடங்கி உட்கார்ந்தார். பயத்தில் மூத்திரமும் போய்விட்டது.

வீட்டு வாசலில் நின்றதும் அண்ணன் முதலில் பின்கதவைத் திறந்து, உறையைத் தூக்கிப் பார்த்தார். சீட்டில் ஒரு துளி இல்லை. அத்தனையும் தூளியில் தேங்கி நின்றது.

"ஒத்துக்கறேன். சீட்டு தப்பிச்சுது. நீ ஜெயிச்ச."

ஆனால் பெரியவர் இறங்கி, யாரையும் பார்க்காமல், முற்றத்து நிழலில் போய்ப் படுத்துவிட்டார். உறையைக் கழுவித் துடைத்து மாட்டிவிட்டு அவள் கூப்பிட்டாள். வரவில்லை. பிஸ்கட்டைக் காட்டினாள். வந்தார், மரியாதையாக வாங்கிக்கொண்டார், திரும்பிப் போய்ப் படுத்தார். பட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வண்டியைக் கண்டதும் பின்னங்கால் இரண்டும் நடுங்கின.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "சீட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னே தைச்சேன். அவருக்கு என்ன ஆகும்னு பாக்கல. இனி அவரு ஏற மாட்டாரு அண்ணா."

அண்ணன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நடுக்கம் அவருக்குத் தெரியும். சட்டத்தில் சரியாக உட்காராத கண்ணாடி, வண்டி ஓடும்போது அப்படித்தான் நடுங்கும், அடுத்த மேட்டில் உடையும். ஒரு கண்ணாடியைக்கூட அவர் அப்படி ஏற்றி வந்ததில்லை.

"எந்திரி" என்று சாவியை நீட்டினார். "நீ ஓட்டு."

"நானா? உன் வண்டியவா?"

"கடை வண்டிய ஓட்டுறல்ல? ஓட்டு. நான் பின்னாடி போறேன்."

வண்டி வாங்கியதிலிருந்து முதல் தடவையாகத் தன் பின்சீட்டில் ஏறினார் மனிதர். உட்காரவில்லை. பெரியவர் மாதிரியே நாலு காலில் நின்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

"ஏய்! மெதுவா! மெதுவாடி!"

"நீ போன வேகத்துலதான் போறேன்."

"பிடிக்க ஒண்ணுமே இல்லையே... ஐயோ என் முட்டி!"

"குரைக்காத. எதிர்ல ஆளு வருது."

தெருமுனையைச் சுற்றித் திரும்பி வருவதற்குள் அவர் இரண்டு கதவிலும் தலையை இடித்துக்கொண்டு, நடுப்பள்ளத்தில் ஒரு காலை விட்டு, வியர்த்து வழிந்தார். இறங்கியதும், பழக்க தோஷம், சீட்டைச் சோதித்தார். உறை நகர்ந்திருந்த கதவோரத்தில், சாம்பல் துணியில் வெள்ளையாக ஒரு தீற்று.

"பாத்தியா! சொன்னேன்ல! கறை!"

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அண்ணனின் பேண்ட் முட்டியைப் பார்த்தாள். "காலையில ஜன்னல் கண்ணாடிக்குப் பசை அடைச்சது பெரியவரா?"

அவரும் தன் முட்டியைப் பார்த்தார்.

"கறை விழுந்தா விட்டுட்டுப் போறதுன்னு பேச்சு" என்று தோட்டக்காரர் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணன வெச்சுக்கறீங்களா? முற்றத்துல நிழல் இருந்தாப் போதும். கடிக்க மாட்டாரு. எதையாவது துடைச்சுக்கிட்டே இருப்பாரு."

"குரைப்பாராம்மா?"

"குறட்டை மட்டுந்தான்."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துத் தீற்றை ஒரு இழுப்பு இழுத்தார். அது இன்னும் அகலமாயிற்று. கையை நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி. காய்ஞ்சா வரும், வராட்டி இருக்கட்டும். முதல்ல இதச் சொல்லு. வழவழப்ப ஏன் மேல வெச்சுத் தைச்ச?"

"தார்ப்பாய்னா பூச்சு மழை பக்கந்தான இருக்கணும். கை தானா அப்பிடித்தான் போகுது."

"நாயி மழையா? மழை வழுக்கிட்டுப் போனா நல்லது. இது அங்கயே நிக்கணுமே."

இத்தனை வருடத் தொழிலில் வராத கேள்வி. அவளுக்கு உடனே விளங்கியது. பூச்சு கீழே போனாலும் ஈரம் சீட்டுக்கு இறங்காது. சொரசொரப்பு மேலே வரும்.

அண்ணன் தொட்டிக்குப் போய், கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டுகிற பழைய கம்பளிகளை எடுத்து வந்தார். நல்லதாக ஒன்றைப் பார்த்துக் கொடுத்தார். "இத மேல வெச்சுத் தைச்சிடு. வழுக்காது. கண்ணாடிக்கு அடியில இடைவெளி விட்டா உடையும், அதனால பள்ளத்த நான் பாத்துக்கறேன்." மற்றக் கம்பளிகளை மடித்து மடித்துக் கால் பள்ளத்தில் திணித்து, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, சீட்டு மட்டத்துக்குச் சமமாக்கினார். உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

காலி வீட்டின் நடுவில் அவள் மெஷினை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். பெரிய கம்பளி, கனமான துணி, ஊசி முக்கியது. பாதி தைத்திருப்பாள், துணி திடீரென்று விறைப்பாயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. சத்தம் கேட்டு முற்றத்திலிருந்து எழுந்து வந்து, தரையில் இறங்கிய பக்கத்தில் பெரியவர் படுத்துவிட்டிருந்தார். கம்பளியை முகர்ந்தார், முகத்தைத் தேய்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். முடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிட வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தாள்.

தையல் முடிந்ததும் அண்ணன் உறையைத் தூக்கிக்கொண்டு போனார். பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தன் படுக்கையை யாரோ கொண்டுபோகிறார்கள். எழுந்து பின்னாலேயே போனார். உறை மாட்டியதும் கதவருகில் நின்று மூக்கை நீட்டினார். கால் நடுங்கியது, ஆனால் திரும்பவில்லை. ஒரு முன்னங்காலை எடுத்து வைத்தார். கம்பளியில் அது நின்றது. அடுத்ததையும் வைத்தார்.

"அவசரப்படுத்தாத" என்றார் அண்ணன், ரகசியம் போல. பிறகு பெரிய கண்ணாடியைத் தூக்குகிறவர் மாதிரியே முட்டியை மடித்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்து, பின்னங்கால்களை அலுங்காமல் உள்ளே ஏற்றினார். பெரியவர் ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் பக்கம் தலையை வைத்துப் படுத்தார். சில்லறை அவர் வயிற்றோரம் சுருண்டது.

மெஷினையும் தொட்டியில் ஏற்றிக் கட்டினார்கள். தோட்டக்காரரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவள், முன்கதவருகில் நின்று, பழக்கத்தில் செருப்பைத் தட்டக் குனிந்தாள்.

"அட, ஏறும்மா" என்றார் அண்ணன், பின்பக்கம் பார்த்தபடியே. "அவரு தூங்கிட்டாரு. மெதுவாக் கதவச் சாத்து."