பர்மாத் தேக்கில் ஒரு கிதார்க் கழுத்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் பாதி என்னுடையதில்லை. 1966 மழைக்காலத்தில், கால் ஒடிந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாராவியில் பூதத்தானின் மரப்பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒடிந்த கிதார்க் கழுத்து ஒன்று ஆணியில் தொங்கியது. யாருடையது என்று கேட்டேன்.

"மாட்டுங்கா பாத்திரக்கடை பிரம்மநாயகம் அண்ணாச்சியோடது. அது பெரிய கூத்து," என்றார்.

மரத்துக்கு நடந்ததை அவர் சொன்னார். மனிதர்களுக்கு நடந்ததை நான் எழுதுகிறேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"மாட்டுங்காவில் மழை" (மழையில் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

"பிரம்மநாயகத்துக்கு இசை என்றால் உயிர், ஆனால் இசைக்கு" (மட்டம் தட்டுவதுபோல் ஆகிவிடும். அவர் சுமாராக வாசிப்பார்.)

நேராகவே சொல்கிறேன். பிரம்மநாயகமும் மனைவி மீனாட்சியம்மாளும் பேசிக்கொள்வதில்லை. ஊரிலிருந்து முதல்முறையாக பம்பாய்க்கு வந்த அவள் தம்பி சங்கரநாராயணனை ஸ்டேஷனில் போய் அழைத்துவர வேண்டியவர், கிதாரில் ஒரு மெட்டு பிடிபடவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி யார் யாரிடமோ வழி கேட்டு, கோவண்டியில் போய் இறங்கி, அங்கேயே ஒரு வேலையும் தேடிக்கொண்டான். அத்தானுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லியனுப்பினான்.

அன்றிலிருந்து மீனாட்சியம்மாள் எதையும் அடுப்பிடம்தான் சொன்னாள். "சோறு ஆறுது," என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். பிரம்மநாயகம் வந்து சாப்பிடுவார்.

3

கிதார் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. மீனாட்சியம்மாள் கதவைத் திறந்தாள். கழுத்து ஒடிந்தது.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். தினமும் திறக்கிற கதவு. அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு வேகம்? தெரியாமல் திறந்தாள் என்று எழுதினேன், நானே நம்பவில்லை. தெரிந்தே திறந்தாள் என்று எழுதினேன், அவள் என்னோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். எனவே, திறந்தாள்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஹிமில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்க அவரை அழைத்திருந்தார்கள். அதுவரை அவரை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை, நிறுத்தத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியக் கடைக்காரர் ஒடிந்த கழுத்தைப் பார்த்து, "நயா லேலோ," என்றார். புதிது வாங்க மனசில்லாமல் பிரம்மநாயகம் தாராவிக்கு நடந்தார்.

4

பூதத்தான் கதவும் கட்டிலும் செய்பவர். கிதாரை அதற்குமுன் தொட்டதுகூட இல்லை. ஆனால் இடித்த பங்களா ஒன்றின் மாடிப்படிக் கைப்பிடி அவரிடம் இருந்தது. ஆளைவிட நீளம்.

"கழுத்து இதுலயே போட்டுருதேன் அண்ணாச்சி. பர்மாத் தேக்கு."

"நீளமா இருக்கே வே. அளவுக்கு அறுத்திரும்."

பூதத்தான் ரம்பத்தை எடுத்தார். மரத்தைத் தடவிப் பார்த்தார். ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"ஒங்க வீட்டுல வச்சே மாட்டுதேன். மாட்டிப் பாத்துட்டு அறுப்போம்."

மறுநாள் மரத்தை அண்ணாச்சியின் மாடி வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைத்து உள்ளே இறக்கினார். கிதாரின் உடம்போடு சேர்த்துப் பசை போட்டு இறுக்கினார். பழைய தந்திகள் எட்டவில்லை. சைக்கிள் பிரேக் கம்பிகளைக் கட்டினார். தள்ளி நின்று பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"இதப் போயி அறுக்கச் சொல்லுதீகளே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

* வாத்தியம் தெரிந்தவர்களுக்கு: அப்படிப்பட்ட கிதார் ஒலிக்காது என்கிறீர்கள். ஒலிக்கவில்லை என்றும் எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே ஒலித்தது.

5

உடம்பு கூடத்தில், பிரம்மநாயகத்தின் மடியில். கழுத்தின் நுனி சமையற்கட்டுக்குள், அம்மிக்கு மேலே. அவர் கம்பியைத் தட்டினால் ஆலைச் சங்குபோல ஒரு முனகல் எழுந்தது. இன்னொரு கையை எவ்வளவு நீட்டியும் பாதிக் கழுத்துகூட எட்டவில்லை. மறுபடி தட்டினார். சமையற்கட்டில் பருப்பு டப்பாவின் மூடி கழன்று விழுந்தது.

மீனாட்சியம்மாள் சத்தத்தை அடக்க ஒரு கம்பியை விரலால் அழுத்திப் பிடித்தாள். அடுத்த தட்டில் சுரம் மாறியது.

"கொஞ்சம் மேல," என்றார் பிரம்மநாயகம், சமையற்கட்டுப் பக்கம் திரும்பாமல்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்புக்கு இதில் சம்பந்தமில்லை.

"மேலன்னா? சுவரு பக்கமா, ஒங்க பக்கமா?"

"என் பக்கமா."

சாயங்காலம்வரை வாசித்தார்கள். நடுவில் அவள் கையை எடுத்தாள்.

"எந் தம்பிய ஸ்டேஷன்ல அப்படித் தனியா நிக்க விட்டுட்டீகளே."

"தப்புதான் மீனாட்சி. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே கோவண்டிக்குப் போயிக் கூட்டிட்டு வருவோம்."

"கல்யாணத்துக்கும் நான் வாறேன். நான் இல்லாம யாரு அமுக்குவா?"

(இங்கேயே முடித்திருக்கலாம். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது போதும்.)

6

ஞாயிற்றுக்கிழமை. அவள் பட்டுச்சேலையில், அவர் கோட்டில். கிதார் வாசலைத் தாண்டியது. மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. ஜன்னலில் கழுத்து போனது. உடம்பு கம்பியில் சிக்கியது. கழற்றிவிடலாம் என்றால் பசை விடவில்லை. ஆளனுப்பினார்கள். பூதத்தான் ரம்பத்தோடு வந்தார்.

"பழைய அளவுக்கு அறுத்தா அண்ணாச்சி ஒத்தையிலயே வாசிக்கலாம். அறுக்கலேன்னா இது இந்த வீட்ட விட்டு வெளிய போவாது." மரத்தை ஒருமுறை தடவினார். "எங்கன அறுக்க?"

மீனாட்சியம்மாள் தன் விரல்நுனிகளைப் பார்த்தாள். கம்பி பதிந்து தடித்திருந்தன. பிரம்மநாயகம் அவளைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தை.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அறுத்தார்கள், அவர் தனியாக மாஹிமுக்குப் போனார், அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் சுவரை இடித்தார்கள். வீட்டுக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். இனி அவருக்கு ஒரு பெயர், ஒரு குடும்பம், ஒரு மூலநோய் என்று... வேண்டாம். மூன்றாவதில் மணமக்கள் மாலையோடு மாட்டுங்காவுக்கு வந்து, விருந்தாளிகள் படிக்கட்டு நிறைய உட்கார்ந்து கேட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். பெண்ணின் மாமா சம்மதிக்கவில்லை.

பூதத்தானையே கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். "அத எப்படிச் சொல்லுவேன்," என்று முதுகைத் திருப்பிக்கொண்டு இழைப்புளி போட ஆரம்பித்துவிட்டார்.

ஆக, நான் எழுதிய கடைசி வாக்கியம் இதுதான்: பூதத்தான் ரம்பத்தைக் கழுத்தின்மேல் வைத்து நிமிர்ந்தபோது, கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.