மாத்திரை போட்ட நாள்கள்

மருத்துவர் பிரேம்நாத் தம் அறைக்கதவைச் சாத்தியபோது அது என் மூக்கில் இடிக்கவில்லை. அன்று அம்மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அடுத்த வீட்டுச் சபாபதி குழித்தறி நெசவாளர். கால்கள் வீங்கிச் செருப்பு நுழையாமல் வெறுங்காலுடன் வந்திருந்தார். இதயம் தளர்ந்து உடலில் நீர் கோத்திருப்பதாகக் கூறி, நீர் பிரிவதற்கான மாத்திரையின் அளவை மருத்துவர் ஆறு வாரங்களில் இருமுறை கூட்டியிருந்தார். வீக்கம் வடியவில்லை.

"மாத்திரைக்குக் கேக்கல. அட்மிஷன் போடுங்க. இன்னிக்கே ஊசி, பெரிய டோஸ்" என்று செவிலியரிடம் சொன்னார் மருத்துவர்.

சபாபதியின் மனைவி மங்கையர்க்கரசி, துர்காவையும் அழைத்து வந்திருந்தார். ஏனாத்தூரைச் சேர்ந்த துர்கா இருபது ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். இப்போது எந்த மருத்துவமனையையும் சாராமல் நோயாளிகளுடன் செல்கிறார். அவர்கள் சொல்லத் தவறுவதை மருத்துவரிடம் சொல்வதும், மருத்துவர் சொல்வதை அவர்களுக்கு விளங்கவைப்பதும் அவர் பணி.

"டாக்டர், ஒரு விஷயம் கேட்டுட்டு..." என்று அவர் தொடங்கினார்.

"நீங்க டாக்டரா? சொந்தமா? ரெண்டும் இல்லன்னா வெளிய இருங்க."

நான் கத்தினேன். "வெளியே தள்ளுவதற்கு இவர் என்ன உடைந்த நாற்காலியா?" வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓங்கிய குரல். கூடம் முழுதும் திரும்பிப் பார்த்தது. கதவு சாத்தப்பட்டது.

"எனக்குக் கிடைச்சிருந்த ரெண்டு நிமிஷத்தையும் போக்கிட்டீங்க சார்" என்றார் துர்கா.

"உனக்கு நேர்ந்த அவமானத்தைப் பொறுக்க முடியவில்லை, அம்மா."

"என் அவமானம் கெடக்கட்டும். அவருக்கு ஊசி போடப் போறாங்க." அட்மிஷனுக்காகச் சபாபதி காத்திருந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். "மாத்திரைய எப்போ போடறீங்க?"

"போடறேன்மா."

"சரி, எப்போ?"

சபாபதி என்னைப் பார்த்தார். "வாத்தியார் இருக்காரே..."

"அவரு கத்தமாட்டாரு. என்ன சார்?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அமாவாசைக்கு" என்றார் சபாபதி. "அன்னிக்குத்தான் தறி இல்ல. மத்த நாள்ல போட்டா, அரை மணிக்கொரு தரம் குழியிலேர்ந்து ஏறி ஓடணும். நெய்யறது கோர்வைச் சேலைமா, ரெண்டு பேர் சேந்து நெய்யணும். பக்கத்துல என் கூட்டாளு தினகரன் உக்காந்துக்கினு கரை போடறான். நான் எழுந்தா அவன் கையும் நிக்கும். எத்தினி தரம் நிறுத்தறது?"

"அப்போ ஆறு வாரத்துல?"

"ரெண்டு அமாவாசைக்கும் தவறாம போட்டேன்."

"தெனம் தண்ணி எடுத்துக் குடுத்தேனேய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மங்கையர்க்கரசி.

"தண்ணியக் குடிச்சேன். மாத்திரைய மடியில வெச்சிக்கினேன்."

துர்கா ஒரு தாளில் எழுதினார்: 'ஆறு வாரங்களில் இரண்டே நாள் மாத்திரை உட்கொண்டிருக்கிறார். காரணம், தறி. ஊசி போடுமுன் தாங்கள் அறிய வேண்டும்.'

"கதவைச் சாத்தியதையும் எழுது" என்றேன்.

"அது வேற லெட்டர் சார்."

செவிலியர் அத்தாளை உள்ளே கொண்டு சென்றார். மருத்துவரே வெளியே வந்தார்.

"ரெண்டு நாளா? கேட்டப்பல்லாம் போடறேன்னாரே?"

"பொய் சொல்லல டாக்டர். எப்போன்னுதான் யாரும் கேக்கல. எந்த மருந்து, எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க. எந்த நேரம் போட்டா தறி நிக்காதுன்னு அவரக் கேட்டு நான் சொல்றேன்."

பிரேம்நாத் சபாபதியின் நெஞ்சில் மீண்டும் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். ஊசிச் சீட்டைக் கிழித்தார். தொடக்கத்தில் கொடுத்த சிறிய அளவையே எழுதினார். தறிக்குழியில் இறங்குவது ஒன்பது மணிக்கு. ஆகவே மாத்திரை விடியற்காலை ஐந்துக்கு; ஒன்பதுக்குள் நீர் பெரும்பாலும் பிரிந்துவிடும். மூச்சு இரைத்தால் அன்றே வரவேண்டும் என்பதைத் துர்கா சபாபதியைத் திருப்பிச் சொல்லவைத்தார்.

அடுத்த செவ்வாயன்று சபாபதி செருப்பணிந்து வந்தார். "அந்தம்மாவையும் உள்ள விடுங்க" என்ற மருத்துவர், என்னைக் கண்டதும், "சார் வெளியவே இருக்கட்டும்" என்றார்.

வெளியிலேயே அமர்ந்திருந்தேன். கதவைப் பற்றிய புகார்க் கடிதம், பிழை திருத்தப்பட்டு, என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால், ஆறு வாரமும் அடுத்த வீட்டில் குடியிருந்தவன் நான். நீர் பிரியும் மாத்திரை உண்பவரின் தறி, காலை முதல் உச்சிவரை ஒருமுறையேனும் நிற்கவில்லை என்பதை இந்தக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு எவர்மீது புகார் எழுதுவது?