தலைக்குத் தண்ணீர்

தூத்துக்குடியில் வினிபிரட் மிஸ்ஸியம்மாவின் பிரசங்கத்தைக் கேட்க நின்றவர்களைவிட, அவள் இருமுவதைப் பார்க்க நின்றவர்கள்தான் அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் தெருமுக்கில் ஆர்மோனியப் பெட்டியை இறக்கிவைத்து, கூடவரும் பைபிள் உமன் கிருபாபாய் ஒரு கீர்த்தனையைப் பாடி முடித்ததும் மிஸ்ஸியம்மா வாயைத் திறப்பாள். சொல்லிவைத்தாற்போல எதிர்வீட்டுச் சீனித்தாய் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, வத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடுவாள். கமறல் கிளம்பும். "மனந்திரும்புங்கள்" என்று ஆரம்பித்த வாய் இருமலில் போய் முடியும். கூட்டத்துக்குச் சிரிப்பு தாங்காது. சீனித்தாயின் புருஷன், கருப்பட்டிக் கடை சங்கரபாண்டியன் மட்டும், பெண்டாட்டி பண்ணுகிற கூத்து தனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வருஷக்கணக்காக இதே கதைதான். இதே தெருவில் குடியிருந்து, தொண்டை கிழியக் கத்தியும், ஒரு ஆள் அவள் பக்கம் வரவில்லை. சபைக்காரர்களாவது ஒட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. அவளைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், பக்கத்தில் உட்கார மட்டும் மாட்டார்கள். யுத்தம் வந்தபிறகு சீமைக் கப்பலும் நின்றுபோனது. கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கிற மத்தியானங்களில், ஏனென்று கேட்க இந்த ஊரில் தனக்கொரு நாதி இல்லையே என்று வாய்விட்டே அழுதிருக்கிறாள். வெள்ளைக்காரி என்றால் என்ன, அவளும் மனுஷிதானே.

அந்தச் சனிக்கிழமை அவள் பேச்சைத் தொடங்கும்போதே உடம்பு தணலாகக் கொதித்தது. வார்த்தை குழறியது. கண் இருட்டி, ஆர்மோனியத்தின் மேலேயே சாய்ந்து விழுந்தாள். கட்டைகள் எல்லாம் ஒன்றாக அழுந்தி அது ஒரு ஓலம் போட்டது. யாரோ டாக்டரைக் கூட்டிவரக் குதிரைவண்டி பிடித்தார்கள். டாக்டர் வந்து, கழுத்திலும் முகத்திலும் பொரிந்திருந்த கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, அம்மைதான், வீட்டை விட்டு நகரக் கூடாது என்றார்.

கிருபாபாய்க்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்ததால் பயமில்லை. காலையில் வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, பொழுது சாய்வதற்குள் போய்விடுவாள். மற்றபடி ஒரு குஞ்சு குருமான்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் திறந்தேதான் கிடந்தது. தெருவிலிருந்து ஒரு வாசனை வரவேண்டுமே! மீன் வறுக்கிற வாசனை இல்லை, கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை. சீனித்தாயின் மகள் செல்லக்கனிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, எந்நேரமும் மாவிடிக்கிற உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வீடு அது. அதுவும் கப்சிப்.

தன் நோய்க்குப் பயந்து தெருவே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது என்று மிஸ்ஸியம்மா முடிவு கட்டினாள். அடச்சீ, என்ன பிழைப்பு இது! அந்த மிளகாய்க் கமறல் வராதா, ஒருதரம் இருமித் தொலைக்க மாட்டோமா என்று ஏங்கினாள். உடம்பு தேறினால் இந்த ஊருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டிய சமயத்தில், கிருபாபாயிடம் கேட்டாள்.

"ஜனங்கள் எல்லோரும் எவ்விடத்துக்கு ஓடிப்போனார்கள்?" அவள் படித்த தமிழ் வேதப்புத்தகத்துத் தமிழ்.

"எங்க ஓட? எல்லாரும் இங்கனதான் கெடக்காவ."

"சமையலின் வாசனையே இல்லையே?"

கிருபாபாய் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒங்களுக்கு அம்மை போட்டிருக்குல்லா, மிஸ்ஸியம்மா. தெருவுல ஒரு வீட்லயும் தாளிக்க மாட்டாவ. நம்ம வாசல்ல தெனமும் வேப்பெலயக் கட்டி வச்சிருதாவ. நான் அவுத்து எறிவேன், மறுநா கட்டிருதாவ. அஞ்ஞானக் காரியம், ஒங்க காதுல போடாண்டாம்னு இருந்தேன்."

மிஸ்ஸியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் சீனித்தாய் நேரே வாசலுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீர்க் குடம்.

"தலைக்குத் தண்ணி ஊத்தணும், மிஸ்ஸியம்மா. முத்து எறங்கிட்டு. ஊத்துனாத்தான் நாங்க எண்ணெச் சட்டிய அடுப்புல வைக்க முடியும். மவளுக்குக் கல்யாணம் நெருங்கிட்டு. ஒரு முறுக்குகூட இன்னும் சுடல."

"நான் சம்மதிக்காவிட்டால்?"

"என்ன செய்ய? கல்யாணத்தத் தள்ளி வைக்க வேண்டியதுதான். புதுக்கோட்டைல மாப்ள வீட்டுக்குச் சொல்லிவிட்டாச்சு, அங்க ஒரே சடவும் கோவமும்."

"நான் உங்கள் ஜாதியும் அல்ல, ஜனமும் அல்லவே. எனக்காக ஏன்?"

சீனித்தாய்க்கு இந்தக் கேள்வியே பிடிபடவில்லை. "இந்தத் தெருவுலதான இருக்கிய?" என்றாள்.

கிருபாபாய் குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம் மிஸ்ஸியம்மா. அய்யாக்குட்டிய நெனச்சுப் பாருங்க."

நினைக்காமல் இருப்பாளா? சபையைச் சேர்ந்த மில் தொழிலாளி அய்யாக்குட்டி போன வருஷம் தன் பிள்ளைக்கு இதே தண்ணீரை ஊற்றினான் என்பதற்காக, அவனுக்கு நற்கருணை கொடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் இவள்தான். அந்த மனுஷன் சபைக் கோயில் வாசலில் நின்று அழுதான். இவள் மனம் இளகவில்லை. இன்று தானே தலையைக் கொடுத்தால் எந்த முகத்தோடு பிரசங்கம் பண்ணுவது? யார்தான் பண்ண விடுவார்கள்? ஊழியம் போய்விட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது, புருஷனா, பிள்ளையா?

வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஜெபம் வரவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொல்லையில் கிணற்றடிக் கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"அய்யாக்குட்டியிடத்தில் நான் மன்னிப்புக் கேட்பேன்" என்றாள் கிருபாபாயிடம். "நம் சபைப் போதகராகிய ஐயரிடத்திலும் நீயே போய்ச் சொல்லிவிடு. மறைக்க வேண்டாம்."

கிருபாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். வாசற்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இனி அவள் வரமாட்டாள் என்று மிஸ்ஸியம்மாவுக்குத் தெரியும்.

சீனித்தாய் செம்பில் மொண்டு ஊற்றினாள். தண்ணீர் இளஞ்சூடாக இறங்கியது. அரைத்த வேப்பிலையை உச்சியில் வைத்து, பொருக்கு உதிர்ந்துவிடாமல் பதமாகத் தேய்த்துவிட்டாள். பிடரி, காதோரம், நெற்றி. எத்தனையோ தலைகளில் கைவைத்து ஆசீர்வதித்தவள்தான் மிஸ்ஸியம்மா. கப்பல் ஏறிய நாளிலிருந்து அவள் தலையில் ஒரு கை பட்டதில்லை. அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

"எரியுதா?" என்று கேட்டாள் சீனித்தாய்.

இல்லை என்று தலையாட்டினாள். "இன்னும் ஊத்து" என்றாள். வேதப்புத்தகத்துத் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைச் சீனித்தாய் சொல்லவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையாலேயே அந்தத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.